டிரைவர் இல்லாத வாக்கியம்

தலைமையாசிரியர் முருகதாஸ் சார் என்னிடம் கேட்டது என் கதையைத்தான். "பள்ளிக்கூட ஆண்டு மலர்ல உங்களுக்குன்னு நாலு பக்கம் ஒதுக்கி வச்சிருக்கேன் அண்ணாச்சி, உங்க வாழ்க்கைய எழுதிக் குடுங்க" என்றார். என் வாழ்க்கைக்கு நாலு பக்கம் எந்த மூலைக்கு? பத்து வயதில் சுத்தியல் பிடித்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நாலாம் வகுப்பின் வாசலை மிதித்ததில்லை. ஆனால் அந்த வாசலுக்குப் படிக்கல் அடித்துப் போட்டவன் நான். திருவட்டாற்றிலிருந்து இறங்கி வருகிற ரோட்டில் எந்த வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டினாலும் ஜான்ரோஸ் உடைத்த கல் கிடைக்கும். கல் உடைத்தேன், லாரி வாங்கினேன், குவாரி எடுத்தேன், இப்போது பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே ஹாலோபிளாக் கம்பெனி நடத்துகிறேன். எவரும் எனக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை. எல்லாம் நான்.

இத்தனை 'நான்' போட்டு எழுதக்கூடிய ஒருவன் அந்த நாலு பக்கத்தையும் வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கிறான் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. ஐந்தாம் வகுப்பு சுபிதா டீச்சரைப் பற்றி எழுதப்போகிறேன். போன தை மாதம் அவரை இந்த ஊரிலிருந்து மாற்ற வேண்டும் என்று மனு எழுதினார்கள். முப்பத்தியொரு பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பள்ளி வளர்ச்சிக் குழுத் தலைவர் நான். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் போட்டால் அவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். செத்துப்போன பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறார் என்பது அவர்மேல் சொன்ன குற்றம்.

சுபிதா டீச்சருக்கு ஊர் களியக்காவிளை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு, கொஞ்சம் நடந்தால் கேரளம். அப்பா பஸ் கண்டக்டர். அம்மா எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், வீட்டில் மலையாளம்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ். சின்ன வயதில் நோட்டில் "நான் வந்து, அவள் வந்து, அவர்கள் வந்து" என்று எழுதி வைப்பாராம். மலையாளத்தில் அப்படித்தான். யார் வந்தாலும் ஒரே சொல். தமிழில்தான் வந்தேன், வந்தாள், வந்தார்கள் என்று சொல்லுக்குப் பின்னால் ஆளுக்கொரு வால் வேண்டும். அந்தக் காலத்து வாத்தியார் நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி, "ஏட்டி, பல்லிக்கு வால அறுத்த மாதிரி எழுதிட்டு வந்திருக்கியே" என்றாராம். அன்றிலிருந்து அவருக்கு 'வாலறுந்த பல்லி' என்று பட்டப்பெயர். ஆறாம் வகுப்பு போகிறவரை அது அவரை விடவில்லை.

அழுத பிள்ளையை அப்பா ஒரு சனிக்கிழமை தன்னோடு பஸ்ஸில் ஏற்றிக் கடைசி சீட்டில் உட்கார வைத்தார். அந்த வழித்தடத்தில் மாறி மாறி மூன்று டிரைவர்கள். ஒருவருக்கு ஒற்றை விசில், ஒருவருக்கு இரட்டை விசில், காது மந்தமான ஒருவருக்கு நீட்டு விசில். "மக்கா, நீ பின்னால இருந்தா டிரைவருக்க மொகம் தெரியாது. ஆனா நான் அடிக்க விசிலக் கேட்டா ஓட்டுகது யாருன்னு கண்டுபிடிச்சிரலாம். எங்க, கண்ண மூடிட்டுச் சொல்லு" என்றார் அப்பா. மகள் அன்று முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அப்பா அதை இலக்கணம் என்று நினைத்துச் சொல்லவில்லை. பிள்ளை சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை அதை முப்பது வருஷம் கைவிடாமல் வைத்திருந்தது.

டீச்சர் டிரெயினிங் முடித்து, தனியார் பள்ளிகளில் பதினாறு வருஷம் வேலை பார்த்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, முப்பத்தொன்பது வயதில்தான் அரசாங்க வேலை கிடைத்தது. போன வருஷம் ஜூன் மாதம் இரண்டு பஸ் மாறி எங்கள் ஊரில் வந்து இறங்கினார். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டை, பூட்டில்லாத சாவி, வலைத்துண்டு, ஒற்றைச் செருப்பு என்று என்னென்னவோ. ஒரு பிள்ளை பைக்குள் கைவிட்டு ஒன்றைப் பிடிக்கும். வெளியே எடுக்காமல், பெயரைச் சொல்லாமல், அதைப் பற்றி மூன்று வாக்கியம் எழுத வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வரி எழுதச் சொன்னால் வயிற்றுவலி வருகிற பிள்ளைகள் ஒற்றைச் செருப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதின.

ஆனால் ஊரைக் கலக்கியது அந்தப் பை இல்லை. பஸ்.

வகுப்பில் பெஞ்சுகளை பஸ் மாதிரிப் போட்டார். முன்னால் ஜன்னலோரம் ஒரு மர ஸ்டூல். அதுதான் டிரைவர் சீட்டு. அதில் உட்காருகிறவர் எழுவாய். நடுவில் பயணிகள், செயப்படுபொருள். கடைசியில் விசிலோடு கண்டக்டர், பயனிலை. "ஆதிரா", "தோசையை", "தின்றாள்" என்று மூன்று பிள்ளைகள் அட்டை பிடித்து ஏறுவார்கள். விசில் அடித்தால் வண்டி கிளம்பும். "தோசை ஆதிராவைத் தின்றது" என்று ஆள்மாறி உட்கார்ந்துவிட்டால் வண்டி பிரேக் டவுன். எல்லாப் பிள்ளையும் இறங்கித் தள்ள வேண்டும். அந்தச் சிரிப்பு ரோட்டைத் தாண்டி என் கம்பெனி வரைக்கும் வரும்.

அடுத்தது வால் ஆட்டம். ஸ்டூலைக் காலியாக விட்டுவிடுவார். கண்டக்டர் பிள்ளை பின்னாலிருந்து வினைச்சொல்லை மட்டும் வாசிக்கும். "வந்தேன்." டீச்சர், "யாரு?" என்பார். பிள்ளைகள், "நான்!" "வந்தாள்." "யாரு?" "அவ!" டிரைவர் கண்ணில் படவில்லை, ஆனால் வண்டி ஓடுகிறது. அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார். நாலு நாளில் டீச்சர் கேட்கவே வேண்டாம் என்றாகிவிட்டது. பிள்ளைகளே சேர்ந்து "யாரு?" என்று கேட்டுப் பிள்ளைகளே பதில் சொல்லும். தினமும் பதினோரு மணிக்கு.

இங்கே ஆன்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷாஜனுடைய இளைய மகள். ஷாஜன் என் டிப்பர் லாரியைப் பத்தொன்பது வருஷம் ஓட்டியவன். அவனுடைய மூத்த மகள் ஜெனிஷா, டீச்சர் இங்கே வருவதற்கு முந்தின ஓணத்துக்கு, வாசலில் போடுகிற அத்தப்பூக் களத்துக்கு உண்ணிப்பூ பறிக்கப் போனாள். என் கம்பெனிக்குப் பின்னால் கல் தீர்ந்துபோன பழைய குவாரிக் குழி ஒன்று உண்டு. மழைத்தண்ணீர் நிறைந்து குளமாகக் கிடக்கும். கரையெல்லாம் உண்ணிப்பூ. பட்டப்பகல் பதினோரு மணி. குழிக்கு வேலி போடப்படாமல் இருந்தது. போலீஸ் வந்தது, தவறி விழுந்தாள் என்று எழுதியது, போனது. நடந்தது நடந்துவிட்டது. கல்லறைக்குக் கருங்கல் நான் கொடுத்தேன். ஒரு கீறல் இல்லாத கல். "மகளே, நீ எழுவாய்" என்று அதில் வெட்டவைத்ததும் நான்தான். அப்படியொரு கல் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் வேறு யாருக்கும் இல்லை.

அதற்குப் பிறகு ஆன்சி பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவில்லை. வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். சுபிதா டீச்சர் பலகையில் "எழுவாய்" என்று பெரிதாக எழுதிய அன்று, அவள் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய், அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"டீச்சர், இது எனக்க அக்காக்க கல்லுல இருக்கு."

டீச்சருக்கு அதுவரை எதுவும் தெரியாது. மத்தியானம் மற்ற டீச்சர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சாயங்காலம் ஆன்சியைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுத்து ஒன்றுதான் ஆனால் அர்த்தம் இரண்டு என்று சொல்லியிருக்கிறார். கல்லில் இருப்பது எழுந்திருப்பாய் என்று. பலகையில் இருப்பது வேலையைச் செய்கிற ஆள்.

"அப்பம் தோன்றா எழுவாய்னா? கண்ணுல படாம எழும்பி வருவாளா டீச்சர்?"

டீச்சர் யோசித்துத்தான் சொன்னாராம். "அப்பிடி இல்ல மக்கா. கண்ணுல படல்லன்னாலும் வாக்கியத்துல ஆளு உண்டுன்னு அர்த்தம்."

மறுநாள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது, ஸ்டூலில் ஜெனிஷா இருக்கிறாள் என்று. வால் ஆட்டம் இல்லாத நேரத்திலும் ஒரு பிள்ளைகூட அதில் உட்காருவதில்லை. கூட்டிப் பெருக்குகிற அம்மாகூட அதை நகர்த்தாமல் சுற்றிப் பெருக்கினாள். அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலையில் ஸ்டூலின்மேல் ஒரு கொத்து உண்ணிப்பூ இருந்தது. டீச்சர் "யாரு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் வகுப்பு பதில் சொல்லவில்லை. ஆன்சியைக் கேட்டார்கள். நான் இல்லை என்றாள். அந்தப் பிள்ளை பொய் சொல்லாது.

தை மாதம் அல்போன்ஸ் மனுவோடு என் கம்பெனிக்கு வந்தான். புரோட்டா கடைக்காரன், அவன் மகளும் அதே வகுப்பு.

"மொதலாளி, கேட்டியளா? எனக்க மோளு ஒறக்கத்துல யாரு யாருன்னு கத்துகா. அந்த டீச்சரு பேய்க்கு லைசன்ஸ் எடுத்துக் குடுத்து வண்டி ஓட்ட வச்சிருக்கா. பஸ்ஸாம், விசிலாம்! நம்ம காலத்துல அடி வாங்கிப் படிச்சோம், எழுவாயும் வந்து, பயனிலையும் வந்து."

"ஒனக்கு எழுவாய் வந்துதாலே?"

"நமக்கு எங்க வந்து? புரோட்டாதான் வந்து. நீங்க ஒப்பு போடுங்க."

பேனாவை எடுத்துவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த மனுவைப் பார்த்ததும் எனக்கு மூச்சு விட்டாற்போல் இருந்தது. அவர் போனால் பதினோரு மணிச் சத்தம் நின்றுபோகும். ஆனால் கல்லைத் தட்டிப் பார்க்காமல் நான் விலை சொன்னதில்லை. "நாளைக்கு நேர்ல பாத்துட்டுப் போடுகேன்" என்று அவனை அனுப்பினேன். அந்தப் பெருமை அன்றைக்கு என்னை நேராகக் கொண்டுபோய் விட்ட இடத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குப் போனேன். பிள்ளைகள் எழுந்து "வணக்கம் பாட்டா" என்றன. முருகதாஸ் சார் நாற்காலி கொண்டுவர ஓடினார். எனக்கு எதற்கு நாற்காலி? முன்னால் ஸ்டூல் ஒன்று காலியாகக் கிடக்கிறது, எந்த இடத்துக்குப் போனாலும் நான் முன்வரிசை. அதன்மேல் கிடந்த பூவைக் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

ஒரு பையன், "பாட்டா, அது..." என்று ஆரம்பித்தான். டீச்சர், "இருக்கட்டும் மக்கா" என்றார். அதற்குள் ஒரு வாலு, "டீச்சர், பாட்டா டிரைவர் சீட்ல இருக்காரு, அவரு ஓட்டட்டும்!" என்றது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஒவ்வொருவரும் வினை எழுதிக் கடைசி பெஞ்சிலிருந்து வாசிக்க வேண்டும் என்றார் டீச்சர்.

"கல் உடைத்தார்."

விசில். "யாரு?"

"பாட்டா!"

"லாரி வாங்கினார்."

"யாரு?"

"பாட்டா!"

"பல் செட்டைத் தொலைத்தார்." அது எப்படி அந்தப் பயலுக்குத் தெரிந்தது என்று தெரியவில்லை.

"பாட்டா!"

"பள்ளிக்கு வேலி போட்டார்."

"யாரு?"

"ஜான்ரோஸ் பாட்டா!"

ஜன்னல் வழியே பார்த்தால் தெரிந்தது, நான் போட்டுக்கொடுத்த வேலி. நாற்பது தூண், நாலு சுற்று முள்கம்பி. கேட்டில் என் பெயர் வெட்டிய பலகை. ஆனந்தமாக இருந்தது எனக்கு. எந்தப் பொன்னாடைக்கும் மனசு இப்படிக் குளிர்ந்ததில்லை.

அடுத்தது ஆன்சியின் முறை. தாளைப் பார்க்காமல் வாசித்தாள்.

"குழிக்கு வேலி போடவில்லை."

விசில் அடித்தது. "யாரு?" என்று எல்லாரும் கேட்டார்கள். பதில் வரவில்லை. பிள்ளைகள் வாயில் அந்தச் சொல்லை மென்று பார்த்தார்கள். போடவில்லை, போடவில்லை.

"டீச்சர், இதுக்கு வாலு காணல்ல" என்றது ஒரு பிள்ளை.

டீச்சர் பலகைக்குத் திரும்பி எழுதினார். நான் போடவில்லை. அவள் போடவில்லை. அவர் போடவில்லை. அவர்கள் போடவில்லை.

"ஆமா மக்கா, இதுக்கு வால் கெடையாது. சின்னதுல எனக்குத் தமிழ்ல பிடிச்ச ஒரே சொல்லு இந்த 'இல்லை'தான். யாரு எழுதினாலும் ஒண்ணுபோல இருக்கும், தப்பே வராது. ஆனா ஒரு கொழப்பம் உண்டு. யாரு வேணும்னாலும் இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கலாம். விசிலக் கேட்டு நம்மளால கண்டுபிடிக்க முடியாது. டிரைவரே சொன்னாத்தான் உண்டு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்து சொன்னாரா, பாடமாகத்தான் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ஆன்சியும் என்னைப் பார்க்கவில்லை. நான் தட்டிவிட்ட பூவைத் தரையில் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கீழே ஸ்டூல் குளிர்ந்த கல் மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் அதில் யாரோ உட்கார்ந்திருந்து, இப்போதும் எழுந்து போகாமல் இருப்பதுபோல இருந்தது. லோடு வரும் என்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கம்பெனிக்கு வந்து பார்த்தால் வேட்டியில் ஒரு உண்ணிப்பூ ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜெனிஷா விழுந்த அந்த ஓணத்துக்கு முன்னாலேயே பஞ்சாயத்திலிருந்து தாள் வந்திருந்தது. குவாரிக் குழிக்கு உடனே வேலி போட வேண்டும் என்று. அதற்காகத்தான் அந்த நாற்பது தூணும் கம்பியும் வந்து இறங்கின. அப்போது ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்று விழா வந்தது. பள்ளிக்கு வேலி இல்லை, யாராவது பெரிய மனசு வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. மேடையில் பெயர் வாசிப்பார்கள், கேட்டில் பலகை வைப்பார்கள். குழிக்கு வேலி போட்டால் யார் கைதட்டப்போகிறார்கள்? தூணெல்லாம் பள்ளிக்குப் போய்விட்டன. போய்விட்டன என்கிறேன் பாருங்கள். தூணுக்குக் காலா இருக்கிறது? நான் அனுப்பினேன். லாரியில் ஏற்றிக்கொண்டு போனவன் ஷாஜன். ஏற்றும்போது கேட்டான், "மொதலாளி, இது குழிக்குள்ளதுல்லா?" என்று. "ஓணம் கழியட்டும்லே" என்றேன். ஓணத்துக்குப் பதினான்கு நாள்தான் இருந்தது.

அவன் அதைப் பிறகு ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. பிள்ளையைப் புதைத்த பத்தாம் நாள் வேலைக்கு வந்தான். காலையில் லாரியிலிருந்து தலையை நீட்டி, "மொதலாளி, லோடு எங்க எறக்கணும்?" என்று கேட்பான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பேன். அவன் கேட்கிற அந்த "எங்க எறக்கணும்" எனக்கு எப்போதும் வேறு ஒன்றாகக் கேட்கும்.

வகுப்புக்குப் போய் வந்த அந்த வாரம் பதினோரு மணி வந்தால் பிளாக் மெஷினை நானே போடச் சொல்வேன். அது ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. ஆனால் கலவை இறுகி, அச்சைத் தூக்கி, பிளாக்கை எடுக்கிற ஒரு நொடி மெஷின் நிற்க வேண்டும். சரியாக அந்த நொடியில் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும், "யாரு?" மெஷின் மறுபடி ஓடும். மறுபடி நிற்கும். "யாரு?" பதில் என்னவென்று கேட்பதற்குள் மெஷின் ஓடிவிடும். பதில் இல்லாத கேள்வியாகவே நாள் முழுக்கக் காதில் கிடந்தது. சாப்பிடும்போது, ஜெபம் பண்ணும்போது, குளிக்கும்போதுகூட. ஒருநாள் பள்ளி விடுமுறை. அன்றைக்கும் கேட்டது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளி ஹாலில் கூட்டம். அல்போன்ஸ் எழுந்து மனுவை வாசித்தான். "மாணவர்கள் அச்சுறுத்தப்படுகிறார்கள், தவறான நம்பிக்கைகள் பரப்பப்படுகின்றன" என்று அதில் இருந்தது. எழுதியவன் படித்தவன்தான். ஒரு வாக்கியத்திலும் டிரைவர் இல்லை.

"டீச்சரு என்ன சொல்லுதிய?" என்று கேட்டார்கள்.

சுபிதா டீச்சர் எழுந்து நின்றார். கையில் அந்தத் துணிப்பை. "ஸ்டூல் வேண்டாம்னா எடுத்துருகேன். ஸ்டூல் இல்லன்னாலும் பிள்ளையளு யாருன்னு கேக்கும்" என்றார். தன்னை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சவில்லை.

அப்போது ஆன்சியின் அம்மா சுஜி பின்வரிசையிலிருந்து எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை. "எம்பிள்ள பத்து மாசம் இந்தப் பள்ளிக்கூடத்துல வாய் தொறக்கல்ல. அந்த ஆட்டத்துலதான் தொறந்தா. பயமா இருந்தா ஒங்க பிள்ளையள வேற பள்ளிக்கு அனுப்புங்க. டீச்சர அனுப்பாதுங்க." உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்காக செத்த பிள்ளைய வச்சு..." என்று அல்போன்ஸ் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். வாசலில் ஷாஜன் நின்றுகொண்டிருந்தான்.

மனு என் முன்னால் வந்தது. அடியில் என் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பேனாவின் மூடியைத் திறந்து பிடித்திருந்தேன். எழுபத்தியொரு வயதில் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன், எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்று பேனாவை மூடிக் கீழே வைத்தேன். மனுவில் நான் பெயரைப் போட்டால், கேட்கிற ஆளை ஊரைவிட்டு அனுப்பிவிடலாம். கேள்வி என்னோடுதான் இருக்கும்.

எழுந்தேன். "அந்தக் குழிக்கு வேலி நான் போடல்ல" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. முருகதாஸ் சார், "அண்ணாச்சி, அது இப்பம்..." என்றார்.

"தூணு வாங்கினது குழிக்கு. நான் இங்க கொண்டு போட்டேன், எனக்க பேரு வைக்க. ஷாஜன் கேட்டான். ஓணம் கழியட்டும்னு நான் சொன்னேன். பிள்ள தவறி விழல்ல. நான் தவறினேன். டீச்சரு ஒண்ணும் பண்ணல்ல."

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். சுஜி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அதுவரை தெரியாது. ஷாஜன் பெண்டாட்டியிடம்கூட அதைச் சொல்லவில்லை. தூணை ஏற்றிப்போனது தன் கை என்று அவன் எத்தனை நாள் உறங்காமல் கிடந்தானோ.

அவன் உள்ளே வந்தான். சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து மனுவின்மேல் வைத்தான். என் முகத்தைப் பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன், அடிப்பான் என்றுகூட. "வா ஏட்டி" என்று சுஜியைக் கூட்டிக்கொண்டு போனான்.

அல்போன்ஸ் சாவிக்குக் கீழிருந்து மனுவை மெல்ல இழுத்து நாலாக மடித்தான். "இது இருக்கட்டும் மொதலாளி" என்றான். அதை அவன் எந்த ஆபீசுக்கும் கொண்டுபோகவில்லை. டீச்சர் இந்த ஊரில்தான் இருக்கிறார்.

ஷாஜன் இப்போது மணவாளக்குறிச்சிப் பக்கம் வேறொருவர் லாரி ஓட்டுகிறான். நான் ஸ்டேஷனில் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூப்பிடும்போது போவேன். குழிக்கு வேலி போட்டாயிற்று. ஆள் நுழைய முடியாத வேலி. அதில் பெயர்ப் பலகை இல்லை. ஆன்சி ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்கு ஆறாம் வகுப்பு போய்விட்டாள். தமிழில் முதலாவது என்று டீச்சர் சொன்னார். இந்த ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்திருக்கின்றன. வண்டி ஓடுகிறது. இப்போது டீச்சர் 'இல்லை' வந்தால் விசில் அடிக்க விடுவதில்லை. முதலில் டிரைவர் பெயரை எழுதிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று புதுச் சட்டம்.

இதை எழுதி முருகதாஸ் சாரிடம் கொடுத்தேன். எழுத்துப்பிழை ஐம்பதுக்கு மேல் இருந்திருக்கும், எல்லாவற்றையும் திருத்தியிருந்தார். கூட்டத்தில் நான் சொன்ன இடத்தில், "அந்தக் குழிக்கு வேலி அமைக்கப்படவில்லை" என்று மாற்றியிருந்தார்.

"மலர்ல அச்சாவுது அண்ணாச்சி. நாலு பேரு வாசிப்பாவ. உங்க பேரக்குட்டியளும் வாசிக்கும்."

"சார், வண்டியில இருந்து டிரைவர எறக்கி விடாதுங்க" என்றேன். அவர் பேனாவால் அடித்துவிட்டுப் பழையபடி எழுதினார்.

"அப்பம் மேல ஒரு எடத்துல 'வேலி போடப்படாமல் இருந்தது'ன்னு நீங்களே எழுதியிருக்கிய. அதையும் மாத்தட்டுமா?"

"வேண்டாம். அது அங்கேயே கெடக்கட்டும். பிள்ளையளு கண்டுபிடிக்கட்டும்."

வெளியே வரும்போது மத்தியான இடைவேளை. ஐந்தாம் வகுப்பில் ஒருவரும் இல்லை. ஜன்னலோரம் ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. அதன்மேல் ஒரு கொத்து உண்ணிப்பூ வைக்கப்பட்டிருந்தது. உண்ணிப்பூ ரோட்டோரம் எங்கேயும் கிடைக்கும்தான். நான் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். யார் என்று நான் கேட்கவில்லை.